விரல் பதியாத நாள்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகமா இருக்கீங்களா? உங்க முதுகுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு, கூட வேலை பார்க்கிற அக்கா அறைக்கு வந்துட்டேன். கிளம்புற அன்னைக்கு ஹவுஸ் ஓனரம்மா சமையலறைத் தரையில ஒரு மஞ்சள் கறையைக் காட்டினாங்க. "நான் வந்தப்பவே இருந்ததுங்க"ன்னேன். "அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கணும்"னு ஆசிட் பாட்டிலை நீட்டினாங்க. கையுறை கேட்டதுக்கு, "அதைப் போட்டா அழுத்தம் வராது, வெறுங்கையால தேய்"னு நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. கறை போச்சு. குனிஞ்சு பார்த்துட்டு, "தரையே வெளுத்துப் போச்சே"ன்னு அட்வான்ஸ் முழுசையும் பிடிச்சுக்கிட்டாங்க.

மறுநாள் இன்னும் வேடிக்கை. கம்பெனி வாசல் மெஷின்ல எந்த விரலை வெச்சாலும் பதியல. ரேகை தேய்ஞ்சு போச்சாம். சூப்பர்வைசர், "பரவாயில்லை, உள்ளே போய் வேலையைப் பாரு"ன்னார். பொழுது சாயற வரைக்கும் பெட்டி ஒட்டினேன். கூலி கேட்டா, "நீ இன்னைக்கு வரவே இல்லைன்னு மெஷின் சொல்லுதே"ங்கிறார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். தோல் வளர்ந்தா ரேகையும் வந்துடும்னு மருந்துக்கடைக்காரர் சொல்றார், கவலைப்படாதீங்க.

பாப்பா காலைத் தாள்ல வெச்சு, சுத்திக் கோடு போட்டு அனுப்புங்க. செருப்பு வாங்கணும். நம்பரை மட்டும் எழுதி அனுப்பிடாதீங்க, எனக்குக் கோடுதான் வேணும். பென்சில் பட்டா கூச்சத்துல காலை இழுத்துக்குவா, கணுக்காலைப் பிடிச்சுக்கங்க.

பஸ் வந்துடுச்சு.

உங்க வீட்டுக்காரி