கோப்பில் இல்லாத கூரை

அனுப்புநர்:
வாகன இருக்கையும் கூரையும் தைக்கும் தொழிலாளி,
இரும்புக் கடை வரிசை, கடைசிப் பட்டறை.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வாகனத் தகுதிச் சான்றுப் பிரிவு,
போக்குவரத்து அலுவலகம், முதல் மாடி.

பொருள்: எங்கள் பழைய காருக்குக் கூரை இல்லை என்றும், பிறகு உண்டு என்றும், பிறகு அகற்றப்பட்டது என்றும் எழுதி, வண்டியை உடைப்புக்கு அனுப்பப் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கார் எனக்கும் என் அக்காவுக்கும் சொந்தமானது. வண்டிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு கதவு, மடக்கும் துணிக்கூரை. மூன்றாண்டுகளுக்கு முன், மூடிக்கிடந்த ஓர் ஆலையின் பின்புறம் கோழிகள் குடியிருந்த நிலையில், முறையான ரசீதுடன் வாங்கினோம். அக்கா மெக்கானிக், நான் தையல். இருவரும் வேலை தெரிந்தவர்கள் என்பதை, அடக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, உள்ளபடியே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. வெளித்தோற்றத்தில் ஒரு வளைவைக்கூட நாங்கள் மாற்றவில்லை. உள்ளே எல்லாம் புதிது. பழையதைவிட இரண்டு மடங்கு சக்தியுள்ள இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர். இத்தனை வேகத்துக்குப் பழைய உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்பதால், அடியில் இரும்புச் சட்டம் வைத்து அக்காவே வெல்டிங் செய்தார். இவை அனைத்துக்கும் தங்கள் அலுவலகம் முன்அனுமதி வழங்கியுள்ளது. நகல் இணைத்துள்ளேன்.

3. ஆட்டோமேட்டிக் கியர் ஆடம்பரத்துக்கு வைத்ததல்ல. ஐந்தாண்டுகளுக்கு முன் ஜாக்கி நழுவி, ஒரு வேன் அக்காவின் இடது காலில் இறங்கியது. அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. இரண்டு வருடம் வாசற்படி தாண்டாதவர், இந்த வண்டியில் கோழி எச்சம் சுரண்டத்தான் முதலில் வெளியே வந்தார். சான்று கிடைத்ததும், அவரவர் வண்டி நின்றுபோன இடத்துக்கே இதை ஓட்டிவந்து பழுது பார்ப்பதாகப் பத்துப் பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரால் ஓட்ட முடிந்த வண்டி எங்களிடம் இது ஒன்றுதான்.

4. ஆய்வுப் படிவத்தில் "மேற்கூரை: உண்டு / இல்லை (பொருந்தாததை அடிக்கவும்)" என்று ஒரு வரி இருக்கிறது. முதல் ஆய்வன்று நல்ல வெயில். கூரையை மடக்கிக்கொண்டு வந்தோம். ஆய்வாளர் "உண்டு" என்பதை அடித்தார். பின்னால் மடிந்து கிடந்ததை நான் காட்டியபோது, அவர் அதைச் சாமான் மூட்டை என்று எண்ணிவிட்டார் போலும். கூரையோடு மறு ஆய்வுக்கு வரச் சொன்னார்.

5. கூரையை விரித்துக்கொண்டு போனோம். "முன் ஆய்வில் இல்லாத கூரை அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டுள்ளது" என்று எழுதினார். அதே கூரைதான் என்று நிரூபிக்க, அவர் கண்ணெதிரே மடக்கிக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அதன் கீழேயே, "ஆய்வு நடக்கும்போதே கூரையை அகற்றினார்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, வண்டியை வளாகத்திலேயே பிடித்து வைத்தார். பதினைந்து நாளில் உடைப்புக்கூடத்துக்கு அனுப்ப உத்தரவும் வந்தது. இன்று பதினோராவது நாள்.

6. ஆய்வாளர் மீது குறை சொல்ல நான் வரவில்லை. கை சுத்தமான மனிதர், டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிப்பதில்லை. "ஒண்ணு கூரை இருக்கணும், இல்லேன்னா இல்லாம இருக்கணும். ரெண்டும் இருந்தா நான் எதைம்மா அடிக்கிறது?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் படிவத்தை அச்சடித்தவர்கள்.

7. ஆனாலும் கூரை இல்லை என்று எழுதியதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஏழு வாரம் தைத்த கூரை அது. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் ரப்பர். மூன்று முறை பிரித்துத் தைத்தேன். குழாய்த் தண்ணீரை அரை மணி நேரம் அடித்துப் பார்த்தோம், உள்ளே உட்கார்ந்திருந்த அக்காமீது ஒரு சொட்டு விழவில்லை. தாங்கள் உட்கார்ந்தாலும் விழாது.

8. மூன்று நாட்களாக மழை. பிடித்துவைத்த நிலையை மாற்றக் கூடாது என்பதால் கூரை திறந்தே இருக்கிறது. தார்ப்பாய் போடக் கேட்டேன். அதுவும் கூரைக் கணக்கில் வந்துவிடுமோ என்று காவலர் தயங்கினார். குடைக்கு மட்டும், "வண்டிமேல படாம பிடிச்சுக்கோங்க, நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

ஆகவே, அந்த வரியில் இரண்டு சொல்லையும் அடிக்காமல் விட்டு, பக்கத்தில் "மடக்கும் கூரை" என்று எழுதவும், உடைப்பு உத்தரவை ரத்து செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். கோப்பு நகர நாளாகும் என்பது எனக்கும் தெரியும். இன்றைக்குக் கூரையை மூடிக்கொள்ள மட்டுமாவது அனுமதியுங்கள்.

தங்கள் அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் வண்டி தெரியும். பக்கத்தில் குடை பிடித்து நிற்பவர் என் அக்கா. காலையிலிருந்து நிற்கிறார். காவலர் ஸ்டூல் கொடுத்தும் உட்காரவில்லை, உட்கார்ந்தால் குடை பின் இருக்கைக்கு எட்டவில்லையாம். தாங்கள் ஜன்னலிலிருந்து தலையசைத்தால் போதும், நான் கீழேதான் இருக்கிறேன்.

நாள்: 14ஆம் தேதி, செவ்வாய், காலை 10.40
இடம்: தங்கள் அலுவலக வளாகம்

தங்கள் தலையசைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கூரை தைத்தவள்