இல்லாத கதவு

ஞாயிறு, இரவு

இன்று தென்னூர் ஹாலில் எங்கள் குறுநாடகம். மேடையில் ஒரு நாற்காலி மட்டும்தான். கதவு, சுவர் எல்லாம் நடிப்பிலேயே தெரிய வேண்டும். "ஒரு கதவு நிலையாவது வைங்க சார், பதட்டத்துல மறந்துடுவேன்" என்று பாத்திமா டீச்சர் ஒத்திகையிலேயே கேட்டார். வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

மகன் இறந்த செய்தி கேட்டு டீச்சர் ஓடிவரும் காட்சி. சற்றுமுன் அவரே படம் மாட்டுவதாக நடித்த சுவர் வழியாக உள்ளே வந்துவிட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். திரை ஓரத்தில் நின்ற நானும் சிரித்துவிட்டேன். அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டும் கடைசிவரை அழுது நடித்தார்.

முடிந்ததும் ஏதாவது சொல்லலாமென்று போனேன். அதற்குள், "என் தப்புதான் சார்" என்றார். நான் மேடை நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

போகும்போது ஹால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.