கப்டன் அடித்த மூன்று கோல்

வியாழன், மே 11, 1995

வருகிற சனிக்கிழமை, போன வருடம் கோப்பை எடுத்த கல்லூரியின் பழைய மாணவர் அணியோடு ஆட்டம். சீசன் தொடங்கி இது இரண்டாவதுதான். எங்கள் பழைய மாணவர் அணி எந்த மட்டில் நிற்கிறது என்று பார்க்க, இன்று பின்னேரம் பார்க்டேல் மைதானத்தில் எல்லோரையும் இரண்டாகப் பிரித்து விளையாட விட்டேன். பயிற்சியாளன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறதே.

கப்டன் சிவநேசன் அண்ணை மூன்று கோல் அடித்தார். எல்லோருக்கும் ஒரே புளுகம், துள்ளித் துள்ளிக் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் மனதில் இடித்தது. முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு ஓடுகிறவர், இளம் பெடியள் மூன்று பேரை எப்படித் தாண்டினார்?

முடிந்த பிறகு பின்வரிசையில் நின்ற ரூபனைத் தனியே கூப்பிட்டேன்.

“அவர் பந்தோட வரேக்க ஏன் விலகினனி?”

“பள்ளிக்கூடத்தில அவர் எனக்கு பிறிபெக்ற், பிந்தி வந்தா வாசலில மறிச்சு வைக்கிற மாணவர் தலைவர். அவரின்ர காலுக்குள்ள காலை விட மனம் வரேல்லை.”

மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

சனிக்கிழமை எதிரே நிற்பவர்களுக்கு அவர் யாரோ ஒரு கிழவர். பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவரை வெளியே இருத்த வேண்டும். அணியைத் தொடங்கியவரே அவர்தான். யார் போய்ச் சொல்வது?

வீடு வரை அவர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது முழங்காலைத் தடவியபடி கேட்டார்.

“உண்மையைச் சொல்லும், டீம் எப்பிடி?”

“நல்லா இருக்கு அண்ணை” என்றேன்.

இனி எந்த வாயால் ரூபனை ஏசுவது?