அரம் பட்ட சுறாப்பல்

மாமே,

நேற்று உன் மகன் வந்து ஒரு மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். "அப்பா கடைசியா உங்களுக்குத்தான் தரச் சொன்னாரு மாமா" என்றான். திறந்தால், பஞ்சுக்குள் அந்தச் சுறாப்பல். ஓரத்தைத் தடவினேன். இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்தடுத்த வீடு, தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பொங்கல் லீவுக்கு அரியலூர் போய் வந்த நீ, டீ நேரத்தில் பல்லை எடுத்து வைத்தாய். "எங்கூரு ஓடையில கெடந்துச்சு. ஒரு காலத்துல அங்க கடலு. இப்ப ஒலகத்துலயே இல்லாத ராட்சசச் சுறாவோட பல்லு இது." ஷாப்பே சிரித்தது. "அரியலூர்ல கடலா? கப்பலு எங்க நிக்குது அண்ணாத்தே?" என்றான் வெல்டர். அன்றுமுதல் உனக்குச் 'சுறா' என்றே பெயர். நீயும் கூடச் சிரித்தாய். ஆனால் டிபன் கேரியரோடு தனியாகப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாய்.

காட்டுப்பாக்கத்தில் நிலவியல் பேராசிரியர் ஒருவர் இருப்பதை விசாரித்து வந்தவன் நான்தான். "இன்னா சுறான்னு அவரே சொல்லட்டும் மாமே, இவனுங்க வாய மூடிக்குவானுங்கோ" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். அவரிடம் போவதற்கு முதல் நாள் பல்லை வாங்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் சொரசொரப்பு. பிசிறோடு எந்த உருப்படியையும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பிப் பழகாத கை இது. நைஸ் அரம் போட்டு, எமரித் தாளால் தேய்த்துக் கொடுத்தேன். "ஃபினிஷிங் பிரமாதம் மாப்ள" என்று நீயும் மெச்சினாய்.

பேராசிரியர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "சுறாப்பல்தான். பெரிய சுறா. ஆனா எந்தச் சுறான்னு ஓரத்துல இருக்கிற ரம்பப் பல்லை வெச்சுத்தான் சொல்ல முடியும். அதை யாரோ அரத்தால தேச்சிருக்காங்களே, யாரு?"



"நாந்தான் சார். பிசிறுன்னு நெனச்சுட்டேன்" என்றாய் நீ.

திரும்பும்போது பூந்தமல்லி பஸ்ஸில், "சுறான்னு சொல்லிட்டாருல்ல, விடு மாப்ள" என்றாய். ஷாப்பிலும் நீதான் கெடுத்ததாகச் சொன்னாய். முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோழை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே இருவரும் ரிட்டயரும் ஆகிவிட்டோம்.

இன்று காலை மனம் கேட்காமல் கோவில்பதாகையில் உன் வீட்டுக்குப் போய் உன் மகனிடம் சொல்லிவிட்டேன். "பல்ல தேச்சது உங்கப்பா இல்லப்பா, நாந்தான்."

அவன் நம்பவில்லை. "அப்பாவே எத்தினியோ வாட்டி சொல்லிக்கீறாரு மாமா, அவருதான் கெடுத்தாருன்னு. செத்த பின்னாடியும் அவர விட்டுக்குடுக்காம பேசுறீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பெற்ற பிள்ளையிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குச் சேராத அந்த நல்ல பெயரோடு வீடு திரும்பினேன் மாமே.