மாடில்லாமல் மேடேறிய நெல்வண்டிகள்

அக்கா,

இன்று காலை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியில் கரியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். மழையில் கரி நமத்துப்போயிருக்கும் போல, பிடிக்காமல் புகைந்தது. பால் வாங்கப் போன நான் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். துணி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வேலங்கரியின் வாசனை என்னை எந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நீங்கள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. கல்யாணமாகி மோகனூர்ப் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்கு வந்த அன்று, உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் நின்ற லாரியைத்தான் பார்த்தேன். இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காது. மச்சாண்டார், அதாவது உங்கள் வீட்டுக்காரர், லாரியின் பக்கவாட்டில் ஆளுயர இரும்பு உலை ஒன்றைப் பூட்டியிருந்தார். மேல் மூடியைத் திறந்து கரி கொட்ட வேண்டும். அடியில் தீ வைத்து, கைப்பிடி போட்ட ஊதுபெட்டியைச் சுற்ற வேண்டும். கரி புகைந்து எழும் வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். வண்டி அதைக் குடித்துத்தான் ஓடும்.

உலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் அது உங்கள் வேலையாகிவிட்டது. சேலத்து மண்டிக்கு நெல் ஏற்றிப் போகும்போதெல்லாம் நீங்களும் முன் இருக்கையில் ஏறிக்கொள்வீர்கள். லாரியில் போகிற பொம்பளை என்று ஊரில் பேசினார்கள். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. புறப்படும் முன் குழாயின் சின்ன வாயருகே தீக்குச்சியைக் காட்டுவீர்கள். சுடர் சிவந்து புகைந்தால் மறுபடி ஊதுபெட்டியைச் சுற்றுவீர்கள். சுடரில் நீலம் தெரிந்தால் முகம் மலர்ந்துவிடும். "கரியத் தின்னுபோட்டு நெல்லச் சொமக்குது அம்மிணி, இதும் ஒரு சீவன்தான்" என்று என்னிடம் சொன்னீர்கள். கரியில் வண்டி ஓடும் என்பதையே நம்ப முடியாமல் நின்றவள் நான். அதை இயக்கும் நெருப்பு ஒரு பெண்ணின் கையில் இருப்பதைப் பார்த்து உங்கள் பக்கத்தில் இன்னும் நெருங்கி வந்தேன்.

அந்த ஐப்பசியில் நடந்ததை நீங்கள் பிறகு யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. இன்று நான் சொல்கிறேன்.

ஊருக்கெல்லாம் பொதுவான களம் காவிரிப் படுகையில், தாழ்வான இடத்தில் இருந்தது. அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை மூட்டை பிடித்து அடுக்கியிருந்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றுபோன காலம். கம்பும் சோளமும்கூட ஆளாளுக்கு அளந்து பொங்கிய காலம். ஊரின் அடுத்த ஆறு மாதச் சோறு அந்தக் களத்தில் கிடந்தது. விடிகாலையில் சைக்கிளில் ஒருவர் விரைந்து வந்து, மேட்டூரில் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் இங்கே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் பறந்தார்.

முந்தின நாள் மழையில் களத்திலிருந்து கரைக்கு ஏறும் வண்டித்தடம் குழைந்து கிடந்தது. முதல் பார வண்டி பாதி மேட்டில் நின்றது. மாடுகள் முன்னங்கால் மடங்கி விழுந்தன. இன்னொரு ஜோடியை முன்னால் பூட்டினார்கள், அவையும் சறுக்கின. மூட்டையைத் தலையில் வைத்து ஏறிய ஆட்கள் முழங்கால் வரை புதைந்தார்கள். லாரியைக் கீழே இறக்கினால் திரும்ப ஏறாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மச்சாண்டாருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சங்ககிரிப் பக்கம் ஒரு லாரியின் பின் சக்கரத்தைத் தூக்கிவைத்து, அதில் கயிற்றைச் சுற்றிப் பெரிய மரத்தை இழுத்ததை அவர் பார்த்திருந்தார். லாரி கரைமேல் நிற்கட்டும், வண்டிகள் கயிற்றில் ஏறி வரட்டும் என்றார். லாரியைக் கரைக்குக் கொண்டுவந்து, புளியமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். ஒரு பக்கப் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரைக் கழற்றி, வெறும் இரும்பு வளையத்தை மாட்டினார்கள். மறுபக்கச் சக்கரம் அசையாமல் கல் கொடுத்தார்கள். அது மண்ணில் நின்றுவிட்டால் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றுமாம்.

அவ்வளவு நீளக் கயிறு ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாரியம்மன் தேரின் வடம். கேட்கவே எல்லோரும் தயங்கினார்கள். பூசாரி ஒரு நிமிஷம் ஆற்றைப் பார்த்தார். "தேரு இழுக்கற வடம் நெல்லு இழுக்கட்டுமுங்க. ரெண்டும் அவளுதுதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே எடுத்துவரப் போனார்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் அது நடந்தது. எஞ்சினைக் கிளப்ப மச்சாண்டார் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் எதிர்த்து உதைத்தது. கைப்பிடி பின்னால் திரும்பி அவர் மணிக்கட்டில் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வலது கை தொங்கியது. லாரி ஓட்டத் தெரிந்த இன்னொருவர் நாமக்கல்லில்தான் இருந்தார்.

நீங்கள் உங்கள் துண்டைக் கிழித்து அவர் கையைக் கட்டினீர்கள். கட்டி முடித்ததும் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, லாரியின் கதவைத் திறந்தீர்கள்.

"நான் ஏறி உக்காந்துக்கறேன். எப்ப மிதிக்கோணும், எப்ப உடோணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் உங்களை நிமிர்ந்து பார்த்தார். வலியிலா வேறெதிலா தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. சரி என்றார்.

என் வீட்டுக்காரர் கைப்பிடியைச் சுற்ற, எஞ்சின் பிடித்துக்கொண்டது. வடத்தை இரும்பு வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி, அதன் வாலை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் வடம் வழுக்கும், வண்டி பின்னால் உருளும். ஆண்கள் எல்லோரும் கீழே வண்டிகளோடு நின்றார்கள். நான் போய் வாலைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் வரிசையாய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

கீழே மாடுகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியில் வடத்தைக் கட்டினார்கள். இரண்டு பேர் நுகத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு பேர் சக்கரத்துக்குப் பின்னால் கல்லோடு தயாராக நின்றார்கள். மச்சாண்டார் சன்னலோரம் நின்று, "கிளச்சுல இருந்து காலை மெல்ல எடு, மெல்ல" என்றார். நீங்கள் எடுத்தீர்கள். சக்கரம் அசைந்தது. வடம் முறுகி, ஈரம் பிழிந்து சொட்டி, இரும்புக் கம்பி போல் விறைத்தது. மூட்டை அடுக்கிய வண்டி, முன்னால் ஒரு மாடும் இல்லாமல், அந்தச் சேற்று மேட்டில் ஏற ஆரம்பித்தது.

அக்கா, அந்தக் காட்சியை எப்படி எழுதுவது? எல்லோரும் வண்டியையே பார்த்தார்கள். அவிழ்த்துவிட்ட மாடுகள்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. வண்டி கரையேறி எங்கள் முன்னால் வந்து நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் சக்கரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். உள்ளங்கை தோலுரிந்து எரிந்ததை அடுத்த வண்டி ஏறும்போதுதான் உணர்ந்தேன்.

வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. கரையில் மூட்டைகளை இறக்கி, வெற்று வண்டியைத் திரும்பக் கீழே விட்டார்கள். உச்சிவெயில் இல்லாமலே மதியம் போயிற்று. ஆறு நிறம் மாறிச் செம்மண் குழம்பாய் வந்தது. களத்தின் ஓரத்தில் தண்ணீர் நாக்கு நீட்டிய நேரத்தில் எஞ்சின் இருமியது. உலையில் வாயு குறைந்துவிட்டது. அப்போது ஒரு வண்டி சரியாக நடுமேட்டில் இருந்தது. அதன் இருபுறமும் நான்கு பேர், அவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

உலைக்குப் போக வேண்டிய ஆள் நீங்கள். ஆனால் உங்கள் கால் ஆக்ஸிலேட்டர் மிதிக்கட்டையில் இருந்தது. எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். நீங்கள் தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்து, "அம்மிணி, என்ன ஆனாலும் கயித்த உட்றாதே" என்றீர்கள். மச்சாண்டார் அதற்குள் உலையிடம் போய்விட்டார். மூடியைத் திறந்து, கம்பியால் கரியைக் குத்திவிட்டு, இடது கையால் ஊதுபெட்டியைச் சுற்றத் தொடங்கினார். கட்டுப்போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. வடத்தின் நடுக்கம் என் கை வழியாகத் தோளுக்கு ஏறியது. நாங்கள் பெண்கள் குதிகாலைச் சேற்றில் ஊன்றிச் சாய்ந்து நின்றோம். கீழே கல்லை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு சத்தம் திரும்பியது. முதலில் சன்னமாக, அப்புறம் முழுசாக. வண்டி மேலே வந்தது.

பொழுது இறங்குவதற்குள் கடைசி மூட்டையும் கரையேறிவிட்டது. வைக்கோலைக் காப்பாற்ற முடியவில்லை. பெரிய போர் ஒன்று அப்படியே முழுசாக மிதந்து, மெதுவாகத் திரும்பித் திரும்பி, குளித்தலைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். களம் இருந்த இடத்தில் தண்ணீர்தான். அந்த வருஷம் மாடுகளுக்குத் தீனி இல்லாமல் தவித்தோம். ஆனால் நம் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

மச்சாண்டாரின் கை கோணலாகத்தான் கூடியது. அதன்பின் கியர் மாற்ற வரவில்லை. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வந்தார். சண்டை முடிந்து பெட்ரோல் வந்ததும் உலையைக் கழற்றிவிட்டார்கள். லாரி ஓட்டிய பொம்பளை என்று யாராவது உங்களை அறிமுகப்படுத்தினால் சிரிப்பீர்கள். "நானெங்க ஓட்டுனேன்? பொழுதன்னிக்கும் ஓட்டியும் வண்டி நின்ன எடத்துலயேதான் நின்னுச்சு" என்பீர்கள்.

போன அறுவடையின்போது மகனோடு அந்தப் பக்கம் போனேன். ஒரு பெரிய இயந்திரம் வயலில் ஓடியபடியே அறுத்து, அடித்து, நெல்லைக் குழாய் வழியாக டிராக்டரில் கொட்டியது. பொன்னை ஊற்றுவது போலிருந்தது. இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தேன். உங்களுக்கும் பிடித்திருக்கும், கிட்டே போய், இது எதைத் தின்கிறது என்று கேட்டிருப்பீர்கள். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதன் இருக்கையில் யார் இருக்கிறார் என்றுதான் என் கண் முதலில் தேடும். அது உங்களால் வந்த பழக்கம்.

அன்று நடந்ததில் ஒன்று நம் இருவருக்கு மட்டுமே தெரியும். எஞ்சின் அடங்கியதும் எல்லோரும் மூட்டைகளைப் பார்க்க ஓடினார்கள். நீங்கள் இறங்கவில்லை. நான் வந்து கதவைத் திறந்தேன். உங்கள் கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"நெம்பப் பயந்துட்டேன் அம்மிணி" என்றீர்கள். "மொத வண்டியில இருந்தே பயம்தான். காலு எடுத்தா ஆளுக மேல உருண்டுருமே. அதான் எடுக்கவே இல்ல."

அதுவரை உங்களுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். காலையிலிருந்து அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று தெரிந்தபோது, மாடில்லாமல் வண்டி ஏறியதைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தோலுரிந்த கைகளால் உங்கள் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். கால் ஊன்ற முடியாமல் உங்கள் முழுப் பாரத்தையும் என் தோளில் சாய்த்துவிட்டீர்கள். புகையும் வேர்வையுமாக, அத்தனை கனமாக இருந்தீர்கள்.

என் வீட்டுக்காரர் போனபோதும், இந்த ஊருக்குப் பிள்ளைகளோடு தனியாக வந்தபோதும் எனக்கும் கால் ஆடியது, அக்கா. எடுக்கவில்லை. நீங்கள் சாய்ந்திருந்த தோள் இது.