சுவாரசியமான புகையிலை

மார்ஸ்டால், 3 அக்டோபர் 1974

சூப் வைக்கிற என் பெரிய பாத்திரத்தை மறுபடியும் எடுத்துவிட்டான் தம்பி எஸ்கில். அதில் பிளம் கூழ், ரம், தேன், அதிமதுரம் எல்லாம் கொதிக்கவிட்டுப் புகையிலையை ஊறப்போட்டிருக்கிறான். போன வாரம் ஊறியது இரண்டு பலகைக்கு நடுவே ஜன்னலோரம் நெருக்குண்டு கிடக்கிறது. கறுப்புச் சாறு வடிவது என் ரொட்டிப் பலகை மேல்.

நானும் சுங்கான் பைப் பிடிக்கிறவள்தான். அவன் கப்பலில் சமையல்காரனாக இருந்த நாள் முதல் அவன் கலவையைத்தான் புகைக்கிறேன். ஆனால் இந்த வருடம் அவன் செய்வது புகையிலையே இல்லை, சோப்பு. முகத்துக்கு நேரே சொன்னேன்.

“சுங்கான் சங்கத்துல எல்லாரும் சுவாரசியமா இருக்குன்னாங்க. உனக்கு மட்டுந்தான் நாறுது” என்றான்.

சுவாரசியமாம்! இந்த ஊரில் அந்த வார்த்தையை யார் நல்லதுக்குச் சொன்னார்கள்? பாதிரியார் மனைவி வரைந்த படத்தையும் சுவாரசியம் என்றுதான் சொன்னோம்.

10 அக்டோபர்

பேச்சுவார்த்தை இல்லை. பாத்திரம் திரும்பி வந்தது, கழுவாமல்.

17 அக்டோபர்

ஆத்திரத்தில் உடம்பெல்லாம் எரிகிறது. மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனேன். சுங்கான் சங்கத் தலைவர் பிரபென் — படகு பழுது பார்ப்பவர் — எஸ்கில் கொடுத்த புகையிலையைப் பையோடு கவிழ்த்துக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. மற்றவர்களும் இப்படித்தானாம்.

“அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான், தூரா” என்று என் பேரைச் சொல்லி இழுத்தார்.

நவம்பரில் சங்கம் ஒருவருடைய கலவையைத் தேர்ந்தெடுக்கும். குளிர்காலம் முழுக்க எல்லோருக்கும் அதுதான். ஐந்து வருடமாக அது எஸ்கிலுடையது. இந்த வருடமும் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறான், மடையன். இவர்களோ முன்னால் சிரித்துவிட்டுப் பின்னால் கொட்டுகிறார்கள். பெண்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லையாம். என்னைச் சேர்த்திருந்தால் இந்த நாடகம் அன்றைக்கே தெரிந்திருக்கும்!

26 அக்டோபர்

ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கடையிலிருந்து வந்தால் மாடிப்படியிலேயே தீய்ந்த நெடி. சமையலறை முழுக்கப் புகை, அடுப்பில் தேன் கரியாகிக்கொண்டிருக்கிறது. எஸ்கில் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படிக்கிறான். கத்தினேன். “என்ன அக்கா?” என்றான். நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

கண்ணை மூடுடா என்று சொல்லி, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து அவன் மூக்கடியில் நீட்டினேன். இரண்டு தடவை இழுத்து முகர்ந்தான்.

“ரொட்டி” என்றான்.

பிப்ரவரியில் வந்த காய்ச்சலோடு மூக்கு போய்விட்டதாம். எட்டு மாதம்! ஒரே வீட்டில்! எரிந்து செத்திருப்பானே, பாவி. ஏன்டா சொல்லவில்லை என்று உலுக்கினேன்.

“கப்பல் போச்சு, முழங்கால் போச்சு. மூக்கும் போச்சுன்னா நான் யாரு, அக்கா? சங்கத்துக்காரங்க மூஞ்சியப் பாத்துத்தான் கலந்தேன். சிரிச்சாங்க, இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்.”

நான் நாறுகிறது என்று சொன்னேனே, அது காதில் விழவில்லையா? “நீ எதைத்தான் நாறலன்னு சொல்லியிருக்க?” என்று கேட்டான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

27 அக்டோபர்

மூக்கு போனால் ருசியும் போயிருக்குமே, இப்போதுதான் உறைக்கிறது. எட்டு மாதமாக என் சமையலைப் பிரமாதம் என்றானே? ஈஸ்டர் ஆட்டுக்கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினானே? இவனுக்கும் அந்தப் பிரபெனுக்கும் என்ன வித்தியாசம்?

2 நவம்பர்

படகுப் பட்டறைக்குப் போனேன். சத்தியத்தை மீறவில்லை, மூக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை. பிரபெனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: “வியாழக்கிழமை சங்கம் கூடறப்ப அவன் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்லுங்க. இல்லேன்னா நான் உள்ள வந்து சொல்லுவேன்.”

8 நவம்பர்

நேற்றுச் சங்கத்தில் பிரபென் சொல்லிவிட்டார். எழுந்து நின்று, “எஸ்கில், இது சோப்பு மாதிரி இருக்குப்பா” என்றாராம். அப்புறம் இவனே வாய் திறந்து மூக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

தோற்றுவிட்டான். வேறொருவர் கலவையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். காலையில் காப்பியை நகர்த்தி வைத்துவிட்டு, நீதான் தூண்டிவிட்டாய் என்று என்னைத் திட்டினான். ஆமாம், நான்தான். திட்டிக்கொள்ளட்டும்.

17 நவம்பர், ஞாயிறு

என் சமையலறை சந்தைக்கடை ஆகிவிட்டது. பிரபெனும் இன்னும் இரண்டு பேரும் மூக்கைக் கடன் கொடுக்கிறோம் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எஸ்கில் கிளறுகிறான், இவர்கள் முகர்கிறார்கள். ஒருவர் ஈர வைக்கோல் என்கிறார், ஒருவர் நனைந்த நாய் என்கிறார், எஸ்கில் எல்லோரையும் அதட்டுகிறான். தரையெல்லாம் பூட்ஸ் சேறு. விரட்டாத குறையாக அனுப்பினேன்.

அப்புறம் சாப்பாடு. வேகவைத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

“ஒண்ணுமே தெரியலக்கா. ஈரத்துணிய மெல்லுற மாதிரி இருக்கு.”

இரண்டு மணி நேரம் நின்று சமைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? பற்றிக்கொண்டு வந்தது. என் சமையலைப் பற்றி இத்தனை மாதத்தில் அவன் சொன்ன முதல் உண்மை என்பது அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. அப்படியும் கோபம் போகவில்லை. கடுகைவிடக் காரமான குதிரைமுள்ளங்கி வேரை எடுத்துத் துருவி, இறைச்சியே தெரியாதபடி குவித்து, தட்டை அவன் முன்னால் தள்ளினேன். தின்னுடா என்றேன்.

தின்றான். காரம் மண்டைக்கு ஏறியது. இருமினான், மேஜையைக் குத்தினான், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“இது தெரியுது” என்றான்.

இன்னும் துருவினேன்.