தடுப்பணை தாண்டிய கெண்டைகள்

அன்புள்ள மாமா,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், கோவிச்சுக்காதீங்க. கோபம் கொஞ்சம் இறங்கட்டும் என்று பகலெல்லாம் பார்த்தேன். இறங்கவில்லை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நீங்க கண்ணை மூடிய பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டாள் மாமா, உங்க செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீடு பூரா நடக்கிறாள்.

நம்ம நாகநதியில் இப்போது இருக்கிற தடுப்பணைக்கு மேலே இன்னொன்று வரப்போகிறது. மழைத் தண்ணீரில் மீன் ஏறிப் போக ஓரத்தில் படிப்படியாக வழி விடுவதாக இருந்தது. நேற்று இஞ்சினியர் போன் செய்தார். "மீன் தானாவே அணையைத் தாண்டுதுன்னு உங்க ஆராய்ச்சியிலயே இருக்குதே மேடம், அப்புறம் வழி எதுக்கு? எடுத்துட்டோம்" என்றார். எனக்குப் பெருமைகூட வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அதை அத்தையிடம் சொன்னேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "தானாவா? கோடையில கீழ குட்டை வத்தும்போது உங்க மாமா இல்ல பெயிண்ட் டப்பால அள்ளிகினு போய் அணைக்கு மேல விட்டாரு? வருஷா வருஷம் இதே பேஜாரு. கூட கம்பெனி பஸ்ல வர்ற ஆளுங்களையும் சேத்துகினு."



அணைக்கு மேலேயும் கீழேயும் கெண்டை பிடித்து, துடுப்பு நுனி வெட்டி, மரபணு பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே கூட்டமாக இருந்தது. அணை குறுக்கே நின்றால் காலப்போக்கில் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்று பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை, அதனால் மீன் தாண்டுகிறது என்று எழுதினேன். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் மீன் கலந்தாலே போதும் மாமா, பிரியாது. அந்தக் கொஞ்சம் உங்க டப்பாவில் போனது.

வண்டியில் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனதே நீங்கதானே? அணை மேல் நின்று கேட்டேனே, இவ்வளவு உயரம் மீன் ஏறுமா என்று. "எப்படியும் மேல போய்டும்மா" என்றீங்க. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்த 'எப்படியும்' இப்போது குத்துகிறது.

புள்ளத்தாச்சி மனசு உடைஞ்சிடும்னு என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தையிடம் சொன்னீங்களாம். பாப்பா பிறந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே? பட்டம் வாங்கிய அன்று தெருவுக்கே ஜிலேபி கொடுத்தீங்களே, எந்த மனசோடு கொடுத்தீங்க? இனி கோடையில் யார் அள்ளிப் போவார்கள் என்று ஒரு தரம்கூடவா தோன்றவில்லை?

என் முடிவு தப்பு என்று இஞ்சினியருக்கும் கல்லூரிக்கும் எழுதப் போகிறேன். எனக்குக் கிடைத்த வாத்தியார் வேலை நிற்குமா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்க பேரை மறைக்காமல் எழுதுவேன், இது சத்தியம். வெறும் வாய்ப்பேச்சை அவர்கள் ஏற்க மாட்டார்கள், சாட்சி வேண்டும்; அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறேன்.

மாமாவோடு டப்பா தூக்கிய செய்யார் கம்பெனி பஸ் அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால், எந்தெந்தக் கோடையில், எங்கே அள்ளி எங்கே விட்டீங்க என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்க.

உங்க மேல் கோபம் தீராத மருமகள்,
தேன்மொழி